சவுரியப்பனின் மூன்றாண்டு வெளிநாட்டு வாசம்

வெளிநாட்டில் இருந்த காலத்தில் சவுரியப்பன் தினமும் காலையில் பென்னாகரம் பக்கத்தில் தன் சொந்த ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் களி தின்றார். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் செபமாலை சொன்னார். இதில் பொய் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் அவர் வெளிநாட்டில்தான் இருந்தார், கம்ப்யூட்டர் சொன்னால் சொன்னதுதான். முறையாகச் சொல்ல வேண்டுமானால் வெங்கடாசலம் ஃபோன் செய்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

சவுரியப்பனுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்துநாலு வருடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் போய்விட்டது. தர்மபுரி மாவட்டத்தில் அவர் துளை போடாத ஊர் குறைவு. எண்ணூறு அடிக்குக் கீழே பாறை மாறுவதை வண்டிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "இன்னும் இருவதடி, தண்ணி" என்பார், வரும். தன்னுடைய ஒன்றரை ஏக்கரில் மட்டும் மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் புழுதிதான் பறந்தது. மகள் ஸ்டெஃபி சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் மூன்று வருடம் பாக்கி. வண்டி முதலாளி வெங்கடாசலம் திருச்செங்கோட்டுக்காரர். இரண்டு வண்டிகளைக் கப்பலில் ஏற்றித் தான்சானியாவுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"மூணு வருசம் இருந்துட்டுப் போ சவுரி," என்றார் ஃபோனில். "பொண்ணு படிப்பு முடிஞ்சிரும். சொந்த நெலத்துல நாலாவது போரும் போட்டுக்கலாம். ஜூலை பதினஞ்சு டிக்கெட். அதுக்கு மேல என்னால ஆளில்லாம ஓட்ட முடியாது."

சவுரியப்பனின் மனைவி இன்னாசியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போறதுன்னா போயிட்டு வாங்க. இங்க இருந்து புழுதியத்தானே பாக்கறீங்க," என்றார். குடும்பத்தில் அதற்கு மேல் தடை இல்லை. பாஸ்போர்ட் இருந்தது. உடம்பு இருந்தது. இல்லாதது பக்குவம் ஒன்றுதான்.

பக்குவம் என்பது என்னவென்றால், ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கப் போகிற சாதாரண ஜனங்கள் அதற்குரிய மனநிலையோடு போக வேண்டும் என்று எங்கேயோ ஒரு குளிர்சாதன அறையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதன் விளைவாக தர்மபுரியிலிருந்து இண்டூர் போகிற சாலையில், நஷ்டத்தில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில், 'அயல்நாடு நீடுவாழ்வுப் பக்குவப் பயிற்சி மற்றும் வழியனுப்பு மையம்' திறக்கப்பட்டது. அங்கே சான்று வாங்காமல் யாரும் விமானம் ஏற முடியாது. மண்டபத்தின் பழைய பலகைகளைக் கழற்ற நிதி ஒதுக்கப்படாததால், இயக்குநர் நவநீதன் 'மணமகள் அறை' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். விண்ணப்பங்களை 'பந்தி' என்று எழுதிய கதவுக்குப் பின்னால் வாங்கினார்கள்.

விண்ணப்பத்தில் நாற்பத்தோரு கேள்விகள். பத்தொன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: 'இதற்கு முன் வெளிநாட்டில் தங்கியதுண்டா? ஆம் எனில் சான்று இணைக்க. இல்லை எனில், இல்லை என்பதற்குச் சான்று இணைக்க.'

தான் எங்கேயும் போகவில்லை என்பதை நிரூபிக்க சவுரியப்பன் ஒன்பது நாள் அலைந்தார். கடைசியில் ஊரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, 'இவர் பிறந்தது முதல் எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் நாள் இயக்குநர் நவநீதன் மேடையேறிப் பேசினார். மாலை மாற்றுகிற மேடை அது. பின்னால் தெர்மாகோல் மயில் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன. கீழே பதினொரு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம மையம் ஆரம்பிச்சு இருவது மாசம் ஆவுது," என்றார். "நான் சவால் விடறேன். இங்க பயிற்சி எடுத்தவங்கள்ல ஒருத்தராவது வெளிநாட்டுக்குப் போயி ஏமாந்திருக்காங்களா? சம்பளம் வராமக் கஷ்டப்பட்டாங்களா? ஒட்டகம் மேய்ச்சாங்களா? ஒருத்தர் கெடயாது! நூத்துக்கு நூறு பாதுகாப்பு! இந்தச் சாதனை வேற எந்த மையத்துக்கும் இல்ல. காரணம் என்ன? பக்குவம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சவுரியப்பன் கொஞ்சம் பலமாகவே தட்டினார். பக்கத்தில் அரூர்க்காரர் ஒருவர், வெல்டர், பெயர் அமலன், குனிந்து சொன்னார்: "அண்ணே, இதுவரைக்கும் ஒருத்தருமே போவல. நான் ரெண்டாவது பேட்ச்சு. இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன்."

பயிற்சியாளர் மாதவராஜுக்கு வெளிநாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஒரு தடவை சுற்றுலாவில் நேபாள எல்லை வரை போய், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் கையில் ஒரே ஒரு பாடப்புத்தகம் இருந்தது. அதை எழுதியவர் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டை மனதில் வைத்து எழுதியிருந்தார். அதனால் துபாய்க்குப் போகிறவருக்கும் தான்சானியாவுக்குப் போகிறவருக்கும் முதல் வாரம் குளிர் தாங்கும் பயிற்சி.

மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றின் குளிர்கிடங்கில் பதினொரு பேரையும் நிற்கவைத்தார்கள். சுற்றிலும் பீப்பாய் பீப்பாயாகக் கூழ். இருபது நிமிடத்தில் சவுரியப்பனின் பல் தந்தியடித்தது.

"சார், நான் போறது ஆப்பிரிக்காங்க. அங்க நம்மூர் மாதிரியே வெயிலுதானுங்க," என்றார்.

மாதவராஜ் கம்பளிக் குல்லாய்க்குள்ளிருந்து கேட்டார்: "நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"போகலன்னு சர்ட்டிபிகேட்டே குடுத்திருக்கீங்க. அப்புறம் வெயிலு அடிக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க? தெரியாததைச் சொல்றதுதான் பக்குவமின்மை."

மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டது. அவர்களுக்கு 'குளிர்: தேர்ச்சி' என்று போட்டார்கள். காய்ச்சல் வராதவர்கள் இன்னொரு தடவை போனார்கள்.

இரண்டாவது வாரம் உணவு. ஊர்ச் சாப்பாட்டின் மேலுள்ள பற்றுதான் நீண்டகாலம் தங்குகிறவனின் முதல் எதிரி என்று புத்தகத்தில் இருந்தது. முள்கரண்டியால் இட்லி தின்னப் பழக்கினார்கள். பிறகு 'உணவு விலகல் உறுதிமொழி' என்று ஒரு தாளைக் கொடுத்து, அவரவர் எதை விடுகிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். சவுரியப்பன் வேறு வழியில்லாமல் 'களி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேழ்வரகுக் களி இல்லாமல் அவர் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து களித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது ஏதோ திருட்டு வேலை செய்கிற கூச்சம் வந்தது அவருக்கு.

அந்த வாரமே வெங்கடாசலம் ஃபோன் செய்தார். "சவுரி, இங்க சோறு கெடைக்கறதுதான் கஷ்டம். இந்த ஊருக்காரங்க சோள மாவைக் கிண்டி உருண்ட புடிச்சு வெக்கறாங்கப்பா. கையில பிச்சு, குழி பண்ணி, கீரையத் தொட்டு முழுங்கறாங்க. உகாலியாம். என் தொண்டையில எறங்க மாட்டேங்குது. உனக்குன்னா இது மாமியா வூட்டு விருந்து. சீக்கிரம் வா."

சவுரியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே மாதவராஜிடம் ஓடினார். "சார், நான் போற ஊர்ல களிதானுங்க சாப்பாடே!"

மாதவராஜ் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். "உங்க முதலாளி பாடத்திட்டத்துல இல்லாத நாட்ல இருக்கார்," என்று சொல்லிவிட்டு, முள்கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

கடைசிச் சோதனை ஏக்கம். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் குரல் பதிவு வாங்கி வந்திருந்தார்கள். சவுரியப்பனைத் தனியாக உட்காரவைத்து ஸ்டெஃபியின் குரலைப் போட்டார்கள். "அப்பா, நல்லா இருக்கியாப்பா? நேரத்துக்குச் சாப்புடு. எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம். நீ வந்தாப் போதும்." சவுரியப்பன் கண் கலங்கினார். மாதவராஜ் தாளில் எழுதினார்: 'மனவலிமை போதாது. தேர்ச்சியில்லை.'

மறுவாரம் மறுபடி போட்டார்கள். சவுரியப்பன் ஆயிரம் அடிப் பாறையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு வரவில்லை. மாதவராஜ் எழுதினார்: 'குடும்பப் பற்று போதாது. இத்தகையோர் நாடு திரும்பாமல் போகலாம். தேர்ச்சியில்லை.'

"அப்ப எவ்வளவு சார் அழுவணும்?" என்று கேட்டார் சவுரியப்பன். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு சரியாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அது உள்ளேர்ந்து வரணும்," என்றார் மாதவராஜ்.

இப்படியே ஜூன் கடைசி வந்துவிட்டது. ஜூன் கடைசியில் மையத்துக்கே ஒரு பக்குவம் வந்தது. காலாண்டு முடிகிறது, 'சென்றவர்கள்' என்ற கட்டத்தில் தொடங்கிய நாளிலிருந்தே பூஜ்யம் நிற்கிறது, மேலிடம் கேட்கிறது. ஒரே நாளில் பதினொரு பேரும் எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றார்கள்.

வழியனுப்பு விழா பிரமாதமாக நடந்தது. வாசலில் பேனர் கட்டிய பஸ் நின்றது. ஒவ்வொருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படிக்கட்டில் ஒரு காலை வைத்து, திரும்பிக் கையாட்ட வேண்டும். அதைப் படமெடுத்து அங்கேயே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெட்டி கொண்டுவரச் சொல்ல மறந்துபோனதால் மையத்தின் நீலப் பெட்டி ஒன்றையே பதினொரு பேரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அதற்குள் பழைய பேனர்கள் இருந்தன.

இது வெறும் படத்துக்குத்தான் என்று சவுரியப்பன் வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டிவந்தார். ஆனாலும் அவர் படியில் கால் வைத்துக் கையாட்டியதும் இன்னாசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மிவிட்டார். அந்த ஒரு படத்தில்தான் நிஜமான அழுகை இருந்தது. நவநீதன் அதையே பெரிதாகப் போடச் சொன்னார்.

பஸ் புறப்பட்டு நாலு ரோடு வரை போய் எல்லோரையும் இறக்கிவிட்டது. டீசல் அதுவரைக்கும்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. "சான்று ஒரு வாரத்துல வந்துரும்," என்றார்கள். சவுரியப்பன் பென்னாகரம் டவுன் பஸ் பிடித்து வீடு வந்து, தழை ஒடிக்கப் போனார்.

நாலாம் நாள் ரேஷன் கடையில் அவர் பெயரைக் காணோம். விரலை வைத்தார், மெஷின் மறுத்தது. இருபத்துநாலு வருடம் இரும்பு பிடித்த விரல், ரேகை தேய்ந்திருக்கும் என்று இன்னொரு விரலை வைத்தார். பத்து விரலும் தீர்ந்தது. அதே வாரம் ஸ்டெஃபி சேலத்திலிருந்து அழுதுகொண்டே பேசினாள். "அப்பா, ஸ்காலர்ஷிப்ப நிறுத்திட்டாங்கப்பா. உங்கப்பா வெளிநாட்ல சம்பாதிக்கறாரு, உனக்கு எதுக்குன்னு கேக்கறாங்க."

சவுரியப்பன் மையத்துக்கு ஓடினார். பந்திக் கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் காவியா என்ற பெண் இருந்தாள். பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், சவுரியப்பனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார், நீங்க தான்சானியாவுல இருக்கீங்க," என்றாள்.

"நான் இங்கதானேம்மா நிக்கறேன்."

"படமெல்லாம் இருக்குதுங்க. பஸ் ஏறியிருக்கீங்க. உங்க வூட்டம்மா அழுவறாங்க."

"அது நாலு ரோடு வரைக்கும்தாம்மா போச்சு!"

"அது எங்களுக்குத் தெரியுதுங்க சார். சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களே." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் வருத்தப்பட்டது அவள் ஒருத்திதான்.

மணமகள் அறையில் நவநீதன் எழுந்து நின்று கை கொடுத்தார். "வாங்க சவுரியப்பன்! தான்சானியா எப்படி இருக்கு?"

"சார், ஜூலை பதினஞ்சு டிக்கெட்டுங்க. சான்று குடுத்தீங்கன்னா போயிருவேன்."

"சான்றுங்கறது போறதுக்கு முன்னாடி உள்நாட்ல இருக்கறவங்களுக்குக் குடுக்கறது. நீங்க போயிட்டீங்க. போனவருக்கு எப்படி போறதுக்குச் சான்று குடுக்க முடியும்? தணிக்கையில என்னைக் கேக்க மாட்டாங்களா?"

"அப்ப நான் போவலன்னு மாத்திருங்க சார்."

நவநீதன் பொறுமையாக விளக்கினார். "அப்படி ஒரு கட்டமே இல்லீங்க. 'செல்லவிருப்பவர்', 'சென்றார்', 'திரும்பினார்'. மூணுதான். சென்றவர் திரும்பலாம். சென்றவர் செல்லாமப் போக முடியாது. நீங்க திரும்பணும்னா அந்த நாட்டுத் தூதரகத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. அதுக்கு நீங்க அங்க இருக்கணும். அங்க போறதுக்குச் சான்று வேணும்." சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் தன் விளக்கத்தின் அழகு தன்னையே மகிழ்வித்தது. "பாத்தீங்களா, எங்கியும் ஒரு ஓட்டை கெடயாது. அவ்வளவு பக்காவாச் செஞ்சிருக்கோம்."

ஜூலை பதினைந்து வந்தது, போனது. அன்று ராத்திரி சவுரியப்பன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. வெங்கடாசலம் இரண்டு நாள் பார்த்துவிட்டு, திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பையனை ஏற்பாடு செய்துகொண்டார். அவன் வேறு மாவட்டம், அங்கே மையம் இன்னும் திறக்கவில்லை. அதனால் அவன் பக்குவமே இல்லாமல் நேராகப் போய் இறங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஊரில் சவுரியப்பனைப் பார்த்தவர்கள், "எப்பண்ணா வந்தே? செண்ட்டு கிண்ட்டு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முதலில் அவரும் சிரித்தார். போகவில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த அதே ஐந்து பேர்தான் கேட்டார்கள். ஸ்டெஃபிக்குக் காலேஜில் செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். இன்னாசியம்மாள் ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினார்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி காலாண்டு முடிந்தது. இந்தத் தடவை 'திரும்பினார்' கட்டத்தில் பூஜ்யம். நவநீதனே ஃபோன் செய்தார். "சவுரியப்பன், உங்களுக்காக மேலிடத்துல பேசி ஒரு வழி பண்ணியிருக்கேன். கடுதாசி கிடுதாசி ஒண்ணும் வேண்டாம். தாயகம் திரும்பியோர் பாராட்டு விழா வெக்கறோம். வந்து ஒரு சால்வை வாங்கிக்கங்க. சாயங்காலமே ரேஷன்ல பேரு வந்துரும். பொண்ணு ஸ்காலர்ஷிப்பும் வந்துரும்."

சவுரியப்பன் போனார். மகளுக்காகப் போனார், வேறு எதற்காகவும் இல்லை. அமலன் உட்பட பதினொரு பேரும் வந்திருந்தார்கள். அதே நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"மூணு வருசம்!" என்று மேடையில் தழுதழுத்தார் நவநீதன். சிஸ்டத்தில் தங்கும் காலம் என்று மூன்று வருடம் ஒன்றுதான் இருந்தது. "பெத்த பொண்ணைப் பிரிஞ்சு, கட்டின மனைவியைப் பிரிஞ்சு, கண்காணாத தேசத்துல உழைச்ச இந்தக் கைகளை நான் வணங்கறேன். நம்ம பயிற்சி இல்லன்னா இவங்க இப்படி ஒரு கீறல் இல்லாமத் திரும்பியிருக்க முடியுமா?" என்றார். பிறகு சவுரியப்பனைப் பேசக் கூப்பிட்டார்.

சவுரியப்பன் மைக்கின் முன்னால் வந்து நின்றார். மயில்கள் இரண்டும் பின்னால் நின்றன.

"வெளிநாட்ல ரொம்பக் கஷ்டமுங்க," என்றார். "நம்ம பேரு எந்த நோட்டுலயும் இருக்காதுங்க. அரிசி கேட்டா நீ யாருன்னு கேப்பாங்க. எந்த ஆபீசுக்குப் போனாலும் நம்மளப் பாக்க மாட்டாங்க, எதையோ பாத்து நம்மகிட்டப் பேசுவாங்க. நாமளும் தமிழ்லதாங்க பேசுவோம், அவங்களும் தமிழ்லதாங்க பேசுவாங்க, ஒண்ணும் வெளங்காது. எப்படா நம்ம ஊருக்குத் திரும்புவோம்னு தெனமும் ராத்திரி நெனச்சுக்குவேங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்துதான் வந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. மாதவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேட்ச்சுக்கு ஆகும் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. ஸ்டெஃபி பேசினாள், பணம் வந்துவிடும் என்று காலேஜில் சொன்னார்களாம். இன்னாசியம்மாள் சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். சால்வையோடு கொடுத்த, கண்ணாடி போட்ட சான்றிதழை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு களி உருண்டையைத் தட்டில் போட்டுக் கீரைக் குழம்பை ஊற்றினார். சவுரியப்பன் முதல் கவளத்தை உருட்டும்போது ஃபோன் அடித்தது. வெங்கடாசலம்.

"சவுரி! அந்தப் பையன் ஊருக்கே கெளம்பிட்டான்யா. ரெண்டு மாசமாச் சோறு சோறுன்னு அழுதான். இன்னிக்கு ஏர்போர்ட்டுல கொண்டுபோயி உட்டுட்டு இப்பத்தான் வேலை நடக்கற எடத்துக்கு வந்தேன். உன்ன மாதிரி களி திங்கற ஆளுதான் இங்க நெலைக்கும். பொறப்புடு. அடுத்த வாரமே டிக்கெட் போட்டுர்றேன்."

சவுரியப்பன் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். சுவரோரம் இருந்த சான்றிதழைப் பார்த்தார். பெரிய எழுத்தில், மூன்றாண்டு அயல்நாட்டு வாழ்வை வெற்றிகரமாக நிறைவு செய்தார் என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மேடையில் அதை அவர் படிக்கவில்லை. 'ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே. திரும்பியவர் மீண்டும் செல்லத் தகுதியற்றவர்.'

"அலோ? சவுரி? என்னய்யா, வர்றதானே?"

"முடியாதுங்கண்ணா," என்றார் சவுரியப்பன். "மூணு வருசம் அங்க இருந்துட்டு இன்னிக்குத்தாங்கண்ணா வூடு வந்து சேந்தேன்."

"குடிச்சிருக்கியா?"

 அந்தப் பக்கம் தூரத்தில் இன்னொரு போர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் ஃபோனில் வந்தது. சவுரியப்பன் அதைக் காதோடு அழுத்திவைத்துக் கேட்டார். சத்தம் லேசாக மாறியது.

"அண்ணா, பாறை மாறிடுச்சு," என்றார். "நிறுத்தச் சொல்லாதீங்க. இன்னும் இருவதடியில தண்ணி வந்துரும்."